லைசென்ஸ் போச்சா? முதலில் ஐடியைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் டிரைவர்ஸ் லைசென்ஸ் ஒரே அட்டையில் இரண்டு வேலை பார்க்கிறது. வண்டி ஓட்ட அனுமதி ஒன்று. நான் இன்னார்தான் என்பதற்குச் சாட்சி இன்னொன்று. பேங்க் அக்கவுண்ட் திறக்க, அபார்ட்மென்ட்டுக்கு அப்ளை பண்ண, இன்டர்வியூவுக்குப் போன கட்டடத்தில் செக்யூரிட்டி டெஸ்க்கைத் தாண்ட, எல்லா இடத்திலும் நீட்டுவது அதைத்தான். நம் ஊரில் ஆதார், பான், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு என்று பீரோவில் ஒரு கட்டே இருக்கும். அங்கே பெரும்பாலானோர் பர்ஸில் இருப்பது அந்த ஒன்றுதான்.

அது சஸ்பெண்ட் ஆனால் எல்லோரும் காரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆபீஸ் போவது எப்படி, குழந்தையை டேகேரில் விடுவது யார், ஊபருக்கு எவ்வளவு ஆகும். வேலை மாற இருப்பவருக்கும் புதிதாகச் சேர இருப்பவருக்கும் உண்மையான ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை எச்.ஆர். "போட்டோ ஐடி பிளீஸ்" என்று கேட்கும்போது என்ன எடுத்துக் கொடுப்பீர்கள்?

ஒஹாயோவை வைத்தே பேசப்போகிறேன். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் மாறும்; ஐம்பதையும் கலக்கினால் யாருக்கும் உபயோகப்படாது. ஒஹாயோவில் நம் ஆட்கள் நிறைய. கொலம்பஸின் பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனிகளில் டெக் வேலை பார்ப்பவர்கள் ஒரு பக்கம், க்ளீவ்லாண்ட் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் இன்னொரு பக்கம். 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடத்துகிற ஊர் க்ளீவ்லாண்ட் என்பது சங்கீதக்காரர்களுக்குத் தெரியும். அந்த ஸ்டேட்டில் இப்போது அடையாள அட்டை இலவசம் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

1. இலவசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லைசென்ஸ் இழந்தவர்கள்மேல் இரக்கப்பட்டு யாரும் இதைக் கொண்டுவரவில்லை. 2023 ஜனவரியில் ஒஹாயோ கவர்னர் ஹவுஸ் பில் 458-இல் கையெழுத்துப் போட்டார். ஓட்டுப் போட வருகிறவர் போட்டோ ஐடி காட்டியே ஆகவேண்டும் என்றது அந்தச் சட்டம். ஐடியைக் கட்டாயமாக்கிவிட்டு அதற்குக் காசும் வாங்கினால் கோர்ட்டில் நிற்காது. வாக்காளர் ஐடி பற்றி இண்டியானாவிலிருந்து போன வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தைத் தக்கவைத்தபோது, அங்கே கார்டு இலவசமாகக் கிடைக்கிறது என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. எனவே ஒஹாயோவும் 2023 ஏப்ரல் 7 முதல் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஸ்டேட் ஐடி கார்டை இலவசமாக்கியது. அரசியல் சண்டையில் விழுந்த சில்லறை. குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் இல்லாதவர் மட்டுமில்லை, லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனவரும் இந்த ஐடிக்கு விண்ணப்பிக்கலாம். "சஸ்பென்ஷன்ல இருக்கிறவனுக்கு எவன் கார்டு கொடுப்பான்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களே, அது வேறு பைல், இது வேறு பைல்.

2. பழைய அட்டையைக் காட்டாதீர்கள்

கெட்டிக்காரர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இது.

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் (ஒஹாயோவில் இதை டி.யு.ஐ. என்று சொல்வதில்லை, ஓ.வி.ஐ. என்பார்கள்) போலீஸ்காரர் அங்கேயே லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார். முதல் தடவை, ரத்த ஆல்கஹால் டெஸ்ட்டில் 0.08 அல்லது அதற்கு மேல் வந்தால் 90 நாள் சஸ்பென்ஷன். டெஸ்ட்டுக்கே மறுத்தால் ஒரு வருஷம். அது கோர்ட் தண்டனை இல்லை, ரோட்டோரத்திலேயே தொடங்கிவிடுகிற நிர்வாக நடவடிக்கை. கோர்ட் தன் பங்குக்குத் தனியாகப் போடும். ஆனால் டிராஃபிக் விதிமீறல் பாயின்ட் சேர்ந்தோ, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியோ சஸ்பெண்ட் ஆனால் லெட்டர் தபாலில் வரும். இரண்டு வருஷத்தில் 12 பாயின்ட் சேர்ந்தால் ஆறு மாதம். அட்டை மட்டும் பர்ஸிலேயே இருக்கும். பார்க்க அழகாக, காலாவதி தேதி இன்னும் மூன்று வருஷம் தள்ளி.

"ஓட்டத்தானே கூடாது, ஐடியாகக் காட்டினால் என்ன?" என்று தோன்றும். சஸ்பெண்ட் ஆனது தெரிந்தும் அந்த லைசென்ஸைக் காட்டுவதே ஒஹாயோ சட்டத்தில் குற்றம். செக்யூரிட்டி டெஸ்க்கில் இருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆனால் எச்.ஆர். பைலில் அந்த அட்டையின் ஜெராக்ஸ் உட்கார்ந்துவிட்டால், பிறகு எப்போதாவது ஒரு செக் ஓடும்போது கேள்வி உங்கள் டிரைவிங் பற்றி இருக்காது, உங்கள் நேர்மை பற்றி இருக்கும். முன்னதை மன்னிக்கிற மேனேஜர்கள் உண்டு.

3. கவுண்டரில் ஒரே நடையில் முடியுங்கள்

ஒஹாயோவில் லைசென்ஸும் ஐடியும் தருகிற அரசுத் துறையான பி.எம்.வி.யின் கவுண்டர்களை டெபுடி ரெஜிஸ்ட்ரார் ஏஜென்சிகள் நடத்துகின்றன. போகும்முன் பி.எம்.வி. வெப்சைட்டில் டாக்குமென்ட் லிஸ்ட்டைப் பாருங்கள். அடிப்படையில் ஐந்து விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: முழுப்பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர், குடியுரிமை அல்லது சட்டப்படி தங்கியிருக்கும் நிலை, ஒஹாயோ முகவரி. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (விசா மனு நோட்டீஸ்) மூன்றையும் ஒரிஜினலாக எடுத்துப் போங்கள். பெயர் விஷயத்தில் உஷார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு இடத்தில், சோஷியல் செக்யூரிட்டியில் இன்னொரு இடத்தில் என்று இருக்கிற நம் கும்பகோணம் குழப்பத்தைக் கவுண்டரில் விளக்க முடியாது. எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள்.

கார்டில் இரண்டு வகை. ஸ்டாண்டர்ட் ஒன்று, மத்திய அரசு விதிக்கு ஏற்றபடி மூலையில் நட்சத்திரம் வைத்த காம்ப்ளையன்ட் கார்டு இன்னொன்று. 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு நட்சத்திரம் வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் பாஸ்போர்ட் மாதிரி வேறு ஏதாவது காட்ட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டும் அதற்குச் செல்லும். இருந்தாலும் பாஸ்போர்ட்டைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு திரிவது புத்திசாலித்தனமில்லை. தொலைந்தால் என்ன அலைச்சல் என்பது தொலைத்தவருக்குத்தான் தெரியும். காகிதம் இருந்தால் நட்சத்திரத்தையே கேளுங்கள்.

கார்டு அன்றே கைக்கு வராது. ஒரு தற்காலிகக் காகிதம் கொடுப்பார்கள், கார்டு தபாலில் வரும். ஜாயினிங் தேதி நெருங்கியிருந்தால் இந்த இடைவெளியைக் கணக்கில் வையுங்கள். லைசென்ஸையும் ஐடியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, பிறகு லைசென்ஸ் திரும்பும்போது இதை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஹவுஸ் பில் 458-க்குப் பிறகு ஒஹாயோ கார்டுகளில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த விவரம் அச்சிட்டே வருகிறது. அதைப் பார்த்து பயப்படாதீர்கள். வேலைக்கு அது தடை இல்லை.

4. அந்த ஒரு கேள்விக்கு "நோ"

இந்தப் பாராவை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

1993-ஆம் வருஷத்து மத்திய சட்டம் ஒன்றின்படி, லைசென்ஸ் கவுண்டர்களில் "வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். வரிசை நீளமாக இருக்கும், கவுண்டரில் இருப்பவர் வேகமாகப் பேசுவார், நீங்கள் எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். எச்-1பி ஆகட்டும், கிரீன் கார்டு ஆகட்டும், நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால் பதில் "நோ". குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் அதற்கு இமிகிரேஷன் சட்டத்தில் ஏறக்குறைய மன்னிப்பே கிடையாது. குடித்துவிட்டு ஓட்டியதைக்கூட வக்கீல் வைத்துச் சமாளிக்கலாம். கவனக்குறைவாகப் போட்ட ஒரு டிக், கிரீன் கார்டையும் சிட்டிசன்ஷிப்பையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். இலவச ஐடி வாங்கப்போய் நாட்டை விட்டே வெளியேறுவது வேண்டாமே.

5. ஐ-9 ஃபார்மில் சீட்டு உங்கள் கையில்

வேலையில் சேர்ந்தால் மூன்று பிசினஸ் நாளுக்குள், நீங்கள் யார், வேலை பார்க்க அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 ஃபார்முக்கான டாக்குமென்ட்களைக் காட்ட வேண்டும். 1986 சட்டத்திலிருந்து வருகிற நடைமுறை. லிஸ்ட் ஏ என்றால் ஒன்றே போதும். அமெரிக்கப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வொர்க் பெர்மிட் அட்டை, எச்-1பிகாரர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐ-94-உம் சேர்ந்தது. இல்லையென்றால் லிஸ்ட் பி-யில் ஒன்று, லிஸ்ட் சி-யில் ஒன்று. லிஸ்ட் பி-யில் லைசென்ஸும் ஸ்டேட் ஐடி கார்டும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஐடியோடு, தடை வாசகம் எதுவும் இல்லாத சோஷியல் செக்யூரிட்டி கார்டைச் சேர்த்து நீட்டினால் வேலை முடிந்தது.

எச்.ஆரில் ஒரு புதுப் பையன் "லைசென்ஸ்தான் வேணும்" என்று அடம்பிடித்தால்? எந்த டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வேலையில் சேருபவருக்கு. குறிப்பிட்ட ஒன்றைத்தான் கொடு என்று வற்புறுத்துவது, குடியுரிமையோ பிறந்த நாடோ காரணமாக இருந்தால், சட்டவிரோதம். நீதித்துறையில் இதைக் கவனிக்கவே ஒரு பிரிவு இருக்கிறது. இதை எல்லாம் அவரிடம் லெக்சர் அடிக்காதீர்கள். சிரித்துக்கொண்டே, "ஃபார்மோட ரெண்டாம் பக்கத்துல லிஸ்ட் இருக்கு, நான் பி-யும் சி-யும் தரேன்" என்றால் போதும். முதல் வாரத்திலேயே சட்டம் பேசுகிறவர் என்று பெயர் எடுப்பது நல்ல இம்ப்ரெஷன் இல்லை. ஏன் லைசென்ஸ் தரவில்லை என்ற விளக்கமும் தேவையில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது நம் ஊர்ப் பழக்கம், ஆபீஸில் விட்டுவிடுங்கள்.

6. சொல்வதா, மறைப்பதா?

மூன்று நிலைமை இருக்கிறது. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுவதே வேலை என்றால் மறைக்கவே முடியாது. கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர் சஸ்பென்ஷன் நோட்டீஸ் கிடைத்த அடுத்த பிசினஸ் நாள் முடிவதற்குள் முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்பது மத்திய விதி. சொந்தக் காரில், லீவு நாளில் குடித்துப் பிடிபட்டுத் தண்டனை ஆனாலும் முதல் தடவைக்கே ஒரு வருஷம் டிரக் ஓட்ட முடியாது.

ஓட்டுவது வேலையில் ஒரு பகுதி என்றால், உதாரணமாகக் கிளையன்ட் சைட்களுக்குப் போகிற ஃபீல்டு இன்ஜினியர், மோட்டார் வெஹிக்கிள் ரிப்போர்ட் எடுப்பார்கள். வெளிக் கம்பெனி மூலம் எடுக்க உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. அந்த ரிப்போர்ட்டை வைத்து வேலை மறுக்கப்போனால் முன்கூட்டியே உங்களுக்கு ஒரு காப்பி தரவேண்டும். ரிப்போர்ட்டில் தப்பு இருக்குமோ என்று பார்க்கக் கிடைக்கிற நேரம் அது. இங்கே நீங்களே முந்திக்கொண்டு, பிளானோடு சொல்லுங்கள். "இத்தனாம் தேதி வரை சஸ்பென்ஷன். அதுவரை இந்த அக்கவுண்ட்களை வீடியோ காலில் பார்க்கிறேன்; ட்ராவல் என் செலவு." பிரச்சினையும் தேதியும் தீர்வும் ஒரே மூச்சில் வரவேண்டும். அழுகைக் கதை வேண்டாம்.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதுகிற வேலை. ஹேண்ட்புக்கைத் திறந்து பாருங்கள். கைது, தண்டனை பற்றித் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் தெரிவியுங்கள். எழுதவில்லையா, லஞ்ச் டேபிளில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒஹாயோவில் வேலை அட்-வில். காரணம் சொல்லாமலே அனுப்பலாம். அடுத்த ப்ரோமோஷனுக்கு உங்களோடு போட்டி போடுகிறவருக்கு இலவசமாக ஆயுதம் கொடுக்க வேண்டாம். ஆனால் அப்ளிகேஷன் ஃபார்மில் பொய் எழுதாதீர்கள். "தண்டனை பெற்றதுண்டா?" என்று கேட்டால், ஓ.வி.ஐ. தண்டனை சாதாரண டிராஃபிக் டிக்கெட் இல்லை. அது மிஸ்டிமீனர், கிரிமினல் கணக்கு. கைதானது வேறு, தண்டனை பெற்றது வேறு. கேள்வியில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பார்த்துப் பதில் எழுதுங்கள்.

வேலை விளம்பரத்திலும் இதே கண்ணோடு பாருங்கள். "வேலிட் டிரைவர்ஸ் லைசென்ஸ்" என்று கேட்பதும் "ரிலையபிள் டிரான்ஸ்போர்ட்டேஷன்" என்று கேட்பதும் ஒன்றில்லை. இரண்டாவதற்கு பஸ் பாஸும், கார்பூல் நண்பரும், ஆபீஸுக்குப் பக்கத்து வீடும் சரியான பதில்.

7. விசாக்காரர்கள் டிக்கெட் புக் பண்ணும்முன்

ஓ.வி.ஐ. கைது என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப்பை ஸ்டேட் டிபார்ட்மென்ட் ரத்து செய்யக்கூடும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், கைதே போதும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை உங்கள் ஸ்டேட்டஸும் வேலையும் அதனாலேயே போய்விடாது. வெளியே போனால் புது ஸ்டாம்ப் வாங்கித்தான் திரும்ப வேண்டும், மெடிக்கல் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். தங்கச்சி கல்யாணம் என்று சென்னைக்குப் பறந்தவர், கான்சுலேட் வாசலில் மாதக்கணக்கில் காத்திருந்தால், அந்த புராஜெக்ட்டில் அவர் சீட் காத்திருக்காது. முதலில் இமிகிரேஷன் வக்கீல், அப்புறம் ட்ராவல் ஏஜென்ட்.

8. ஓட்டுவதையும் விட்டுவிடாதீர்கள்

ஐடி கிடைத்ததோடு திருப்தியாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஒஹாயோவில் கோர்ட்டிடம் லிமிடெட் டிரைவிங் பிரிவிலெஜ் கேட்கலாம்: வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி மாதிரி காரியங்களுக்கு, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். முதல் ஓ.வி.ஐ.யில் டெஸ்ட் தோற்றவருக்கு 15 நாளும், மறுத்தவருக்கு 30 நாளும் கழிந்த பிறகுதான். இன்சூரன்ஸ் அத்தாட்சி வேண்டும். வேலை நேரத்துக்கும் அத்தாட்சி கேட்பார்கள். எச்.ஆரிடம் "எம்ப்ளாய்மென்ட் அண்ட் ஷெட்யூல் வெரிஃபிகேஷன் லெட்டர்" என்று கேளுங்கள். வீட்டு லோனுக்கு வாங்குகிற லெட்டரின் தம்பிதான் இது. யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

சில கேஸ்களில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட நம்பர் பிளேட்டை மாட்டச் சொல்வார்கள். ஊரில் அதற்குப் பெயர் "பார்ட்டி பிளேட்". ஆபீஸ் பார்க்கிங்கில் அதோடு போய் நிற்பதும் பஸ்ஸில் போவதும் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் பஸ். க்ளீவ்லாண்டில் யூக்ளிட் அவென்யூவில் 2008-லிருந்து ஓடுகிற ஹெல்த்லைன் பஸ், டவுன்டவுனிலிருந்து க்ளீவ்லாண்ட் கிளினிக், யுனிவர்சிட்டி ஹாஸ்பிடல்ஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. அந்த ஒரு ரோட்டை ஒட்டியே எத்தனை வேலை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்ளை பண்ணுங்கள். கொலம்பஸில் கோட்டா பஸ் ரூட் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு லிங்க்ட்இன் தேடுங்கள்.

சஸ்பென்ஷனில் திருட்டுத்தனமாக ஓட்டாதீர்கள். ஓ.வி.ஐ. சஸ்பென்ஷனில் ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது மூன்று நாள் ஜெயில், இல்லை அதற்குப் பதில் வீட்டுக் காவல். ஸ்டேட் மாறித் தப்பிக்கவும் முடியாது. நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டர் என்று ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது; மிச்சிகனில் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணினால் ஒஹாயோ கணக்கு அங்கே தெரியும்.

காசில்லாமல் லைசென்ஸ் முடங்கிக் கிடப்பவர்களுக்கு நிலைமை இப்போது கொஞ்சம் தேவலை. 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஹவுஸ் பில் 29, கோர்ட் அபராதம் கட்டாததற்காக லைசென்ஸை முடக்குவதை நிறுத்தியது. ரீஇன்ஸ்டேட்மென்ட் ஃபீஸில் தள்ளுபடி தரும் அம்னெஸ்டி திட்டம் 2019-ல் தற்காலிகமாக வந்து, 2020-ல் நிரந்தரமானது. தகுதியுள்ள கேஸ்களில், அரசின் உணவு உதவி வாங்குபவருக்கு முழுத் தள்ளுபடியே உண்டு. உங்கள் பெயரில் என்ன பாக்கி என்று பி.எம்.வி. வெப்சைட்டில் பாருங்கள். பல வருஷமாகப் பயந்து திறக்காத பக்கமாக இருக்கும். திறந்தால் பாக்கியே இல்லை என்றும் வரலாம்.

9. வேறு ஸ்டேட்டில் இருந்தால்

இண்டியானா, விஸ்கான்சினில் ஐடி இலவசம், ஆனால் ஓட்டுப் போடுவதற்காக. அதாவது குடிமக்களுக்கு. விசாக்காரர்கள் அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் உடல், மன நலக் காரணங்களால் லைசென்ஸை விடுபவருக்கும், 62 வயது ஆனவருக்கும், வீடில்லாதவருக்கும் கட்டணம் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து அங்கேயே கிரீன் கார்டில் தங்கிவிட்ட அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஃபுளோரிடாவில் வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் இருந்தால் இலவசம். டெக்சஸ் தருகிற இலவச எலெக்ஷன் சர்டிஃபிகேட் வாக்குச்சாவடியில் மட்டும்தான் செல்லும். அதை எச்.ஆரிடம் நீட்டாதீர்கள்.

10. கார்டு காலாவதியாகும் நாள்

சில வருஷம் கழித்து, எல்லாம் மறந்துபோன ஒரு நாளில், எச்.ஆரிலிருந்து மெயில் வரலாம்: "உங்கள் ஐ-9-இல் இருக்கும் ஐடி எக்ஸ்பயர் ஆகிவிட்டது, புது லைசென்ஸ் காப்பி அனுப்பவும்." லிஸ்ட் பி டாக்குமென்ட் காலாவதியானால் மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை என்பது விதி. அதற்குள் லைசென்ஸ் திரும்பி வந்து பர்ஸில் இருந்தாலும் அனுப்பாதீர்கள். ஐ-9 ஃபார்முக்கான அரசுக் கையேட்டின் லிங்க்கை மட்டும் ரிப்ளையில் ஒட்டி, "தேங்க்ஸ் ஃபார் செக்கிங்" என்று போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போங்கள்.